“எல்லாம் ஒண்ணுதானே அக்கா?” – ஆயுதமேந்திய இஸ்லாமிய இயக்கங்கள்: ராஜேந்தர் நகர் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்லி பழைய ராஜேந்தர் நகரில், மூன்றாவது மாடியில் ஒரு அறை. ஞாயிறு காலையில் பதினைந்து, இருபது தமிழ்ப் பிள்ளைகள் வருவார்கள். சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் ‘உள்நாட்டுப் பாதுகாப்பு’ என்று ஒரு பகுதி இருக்கிறதே, அதைத் தமிழில் பேசிப் புரிந்துகொள்ளத்தான். நானும் இதே தேர்வு எழுத வந்து, நேர்முகத் தேர்வுவரை போய்த் திரும்பி, ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவள். ஆண்டுதோறும் முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் மாறவில்லை. வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எல்லா அமைப்பும் ஒண்ணுதானே அக்கா? எதுக்கு இத்தனை பேர் வச்சிக்கிறாங்க?

இல்லை. ஒன்றாக இருந்தால் ஒருவரையொருவர் இவ்வளவு கொன்றிருக்க மாட்டார்கள். ஆப்கானிஸ்தானில் தாலிபானும் ‘இஸ்லாமிய அரசு’ எனப்படும் ஐஎஸ்ஸும், சிரியாவில் அல்-காய்தா வழி வந்தவர்களும் ஐஎஸ்ஸும், நைஜீரியாவில் ஒரே போகோ ஹராமின் இரண்டு பாதிகளும், காஸாவில் ஹமாஸும் அதைவிடக் கடுமையான சிறு குழுக்களும் மோதியிருக்கிறார்கள்.

எந்த அமைப்பின் பெயர் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யாரை முதல் எதிரி என்கிறது? யாரை ‘முஸ்லிமே இல்லை’ என்று சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்கிறது? யாருடைய தலைமைக்குக் கட்டுப்படுகிறது? விடைகளை எழுதிப் பாருங்கள். பாதிச் சண்டைகளுக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். மீதிச் சண்டைகள் பணம், நிலம், தலைவர்களின் ரோஷம் சம்பந்தப்பட்டவை. அதற்கு மார்க்க நூல் எதுவும் புரட்ட வேண்டியதில்லை.

இஸ்லாமியவாதம் என்றாலே ஆயுதமா?

கிடையாது. இஸ்லாம் ஒரு மதம். அரசும் சட்டமும் அந்த மதத்தின்படி அமைய வேண்டும் என்ற அரசியலுக்கு இஸ்லாமியவாதம் என்று பெயர். அதில் தேர்தலில் நிற்கும் கட்சிகள் உண்டு, பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்துவதோடு நிற்பவர்கள் உண்டு. ஆயுதத்தால்தான் அது நடக்கும் என்பவர்கள் அதற்குள் ஒரு சிறு பகுதி. விடைத்தாளில் இந்த மூன்றையும் ஒரே சொல்லால் எழுதினால் திருத்துபவர் மதிப்பெண்ணைக் குறைப்பார், குறைக்கத்தான் வேண்டும்.

ஜிஹாத் என்பதற்கு என்னதான் பொருள்?

முயற்சி, பாடுபடுதல். தன் மனதோடு போராடுவதையும் அந்தச் சொல் குறிக்கும், போரையும் குறிக்கும். போர் என்ற பொருளே கிடையாது என்று சிலர் நல்லெண்ணத்தில் எழுதுகிறார்கள், அது சரியில்லை. மரபான சட்ட நூல்களில் போருக்கான ஜிஹாத் பற்றி விரிவான விதிகள் உண்டு: யார் அறிவிக்கலாம், யாரைத் தொடக்கூடாது, உடன்படிக்கை இருந்தால் என்ன செய்வது என்றெல்லாம். படையெடுப்பை ஆட்சியாளர்தான் அறிவிக்க வேண்டும். அது சமுதாயத்தின் மொத்தக் கடமை, சிலர் செய்தால் மற்றவர்கள் மேல் இல்லை. எதிரி ஊருக்குள்ளேயே வந்துவிட்டால் மட்டும் அங்கிருக்கும் ஒவ்வொருவர் மேலும் கடமையாகும்.

இந்த இடத்தில்தான் 1980களில் ஒரு திருப்பம் வந்தது. பாலஸ்தீனத்தில் பிறந்த அப்துல்லா அஸ்ஸாம் என்ற அறிஞர் பெஷாவரில் உட்கார்ந்துகொண்டு, ஆப்கானிஸ்தானை சோவியத் படையிடமிருந்து மீட்பது உலகத்து முஸ்லிம்கள் ஒவ்வொருவருக்கும் தனிக்கடமை, தொழுகை நோன்பு போல, என்று எழுதினார். தனிக்கடமை என்றாகிவிட்டால் அரசனின் அனுமதியும் வேண்டாம், பெற்றோரின் அனுமதியும் வேண்டாம். மதுரையிலிருந்து டெல்லி வர அப்பாவிடம் ஆறு மாதம் மன்றாடிய ஒரு மாணவி இதைக் கேட்டுவிட்டு, “அந்த ஒரு வரிதான் அக்கா எல்லாத்தையும் திறந்து விட்ருச்சு” என்றாள். ரொம்பச் சரி. 1989 நவம்பரில் பெஷாவரில் குண்டுவெடிப்பில் அஸ்ஸாம் இறந்தார். அவர் சேர்த்த கூட்டத்திலிருந்துதான் ஒசாமா பின் லாடனின் அல்-காய்தா 1988இல் உருவாகியிருந்தது.

இந்தச் சிந்தனை எங்கே ஆரம்பித்தது? சவூதியிலா?

எல்லோரும் சவூதி என்றுதான் தொடங்குவார்கள். நான் டெல்லியில் தொடங்குகிறேன்.

1926 டிசம்பரில் இதே டெல்லியில் சுவாமி சிரத்தானந்தர் சுட்டுக் கொல்லப்பட்டார். இஸ்லாம் வாளின் மதம் என்ற பேச்சு பத்திரிகைகளில் கிளம்பியது. ஜமிய்யத்துல் உலமா என்ற மார்க்க அறிஞர் அமைப்பின் ‘அல்-ஜமிய்யத்’ ஏட்டுக்கு அப்போது இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் ஆசிரியர். ஔரங்காபாத்காரர், பெயர் அபுல் அஃலா மௌதூதி. ஜிஹாத் என்றால் என்ன என்று அவர் தொடர் கட்டுரை எழுத ஆரம்பித்தார். ஆட்சியுரிமை இறைவனுக்கு மட்டுமே, மனிதர்கள் சட்டம் இயற்றுவது அந்த உரிமையில் கைவைப்பது என்ற அவருடைய கருத்து பிறகு படிப்படியாக வளர்ந்தது. 1941இல் லாகூரில் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கினார். அவர் துப்பாக்கி எடுக்கச் சொன்னவர் அல்லர். 1948இல் காஷ்மீருக்கு ஆட்களை மறைமுகமாக அனுப்பியதையே, அரசு வெளிப்படையாகப் போர் அறிவிக்காமல் அது ஜிஹாத் ஆகாது என்று எதிர்த்து, பாகிஸ்தானில் சிறைக்கும் போனார்.

எகிப்தில் ஹஸன் அல்-பன்னா என்ற பள்ளி ஆசிரியர் 1928இல் இஸ்மாயிலியா நகரில் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பைத் தொடங்கினார். அதில் வந்த இலக்கியவாதி ஸையித் குத்ப், எகிப்து ஜனாதிபதி நாஸரின் சிறையில் இருந்தபடி மௌதூதியின் கருத்தை எடுத்து இன்னும் கூர்மையாக்கினார். இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியாவின் ‘ஜாஹிலிய்யா’, அதாவது அறியாமைக் காலம், முடிந்துபோன ஒன்றல்ல, இன்றைய முஸ்லிம் நாடுகளே அந்த நிலையில்தான் இருக்கின்றன என்றார். 1966 ஆகஸ்டில் தூக்கிலிட்டார்கள். எழுதியதைவிட அந்தத் தூக்குக் கயிறுதான் அவரை அதிகம் பேருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பது என் எண்ணம்.

சவூதியின் பங்கு வேறு. 18ஆம் நூற்றாண்டில் முஹம்மது இப்னு அப்துல் வஹ்ஹாப், சமாதி வழிபாடு முதலியவை ஏகத்துவத்துக்கு விரோதம் என்று சுத்திகரிப்பு இயக்கம் நடத்தினார். 1744இல் சவூத் குடும்பத்தோடு உடன்பாடு செய்துகொண்டார். அந்த வழி வந்த உலமா இன்றும் அரசருக்குக் கீழ்ப்படியச் சொல்பவர்கள். குத்பின் புரட்சியும் வஹ்ஹாபின் சுத்திகரிப்பும் ஆப்கான் போர்க்களத்தில் ஒன்று சேர்ந்து காய்ச்சப்பட்டதுதான் பிறகு நாம் பார்த்த சரக்கு.

தக்ஃபீர் தக்ஃபீர் என்று சொல்கிறீர்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தன்னை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரை ‘நீ காஃபிர்’, அதாவது இறைமறுப்பாளர், என்று அறிவிப்பது தக்ஃபீர். மரபில் இது கையை வைக்கவே அஞ்சும் விஷயம். கி.பி. 657இல் ஸிஃப்பீன் போருக்குப் பிறகு, மத்தியஸ்தத்துக்கு ஒப்புக்கொண்டார் என்பதற்காக முஸ்லிம்களின் தலைவரான கலீஃபா அலியையே காஃபிர் என்று சொல்லி ஒரு கூட்டம் வெளியேறியது. ‘தீர்ப்பு இறைவனுக்கே’ என்பது அவர்கள் கோஷம். சொல் உண்மைதான், அதை வைத்து நாடுவது பொய் என்று அலி பதில் சொன்னதாக மரபு. 661இல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் அவரைக் கொன்றார். கவாரிஜ், வெளியேறியவர்கள், என்று அவர்களுக்குப் பெயர். இன்றும் ஐஎஸ்ஸைத் திட்டும் ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள், இந்தச் சொல்லால்தான் திட்டுகிறார்கள். அல்-காய்தாவே அப்படித் திட்டியிருக்கிறது.

குத்ப் இறந்ததும் சகோதரத்துவ அமைப்புக்குள்ளேயே இந்தச் சண்டை வெடித்தது. சிறையில் இருந்த இளைஞர்கள் சமூகத்தையே காஃபிர் என்றார்கள். தலைவர் ஹஸன் அல்-ஹுதைபியின் பெயரில் மறுப்பு வந்தது: நாம் அழைப்பவர்கள், தீர்ப்புச் சொல்லும் நீதிபதிகள் அல்லர். பெரும்பான்மையினர் அவரோடு நின்றார்கள். மீதிப்பேர் பிரிந்துபோய்ச் சிறு குழுக்களானார்கள். எகிப்தின் ஆயுதக் குழுக்கள் பலவற்றுக்கு வேர் அந்தப் பிரிவில் இருக்கிறது.

இதில் ஒரு அச்சுப்பிழைக் கதை உண்டு. பலகையில் இரண்டு அரபுச் சொற்களைத் தமிழில் எழுதிக் காட்டுவேன்: யுஆமல், யுகாதல். முன்னதற்கு ‘நடத்தப்பட வேண்டும்’ என்று பொருள், பின்னதற்கு ‘போரிடப்பட வேண்டும்’. 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னு தைமிய்யாவிடம், இப்போது துருக்கியில் இருக்கும் மார்தீன் நகரத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஊர் மங்கோலியர் ஆட்சிக்குக் கீழ், மக்கள் முஸ்லிம்கள். அங்கே மார்க்கச் சட்டத்தை விட்டு விலகியவர் அவருக்குத் தக்கபடி ‘நடத்தப்பட வேண்டும்’ என்பது டமாஸ்கஸில் உள்ள கையெழுத்துப் படியில் இருக்கும் பாடம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அச்சுப் பதிப்பிலோ ‘போரிடப்பட வேண்டும்’ என்று இருந்தது. அந்தப் பாடத்தைத்தான் எகிப்தில் அப்துஸ் ஸலாம் ஃபரஜ் மேற்கோள் காட்டினார். 2010இல் மார்தீனிலேயே ஆலிம்கள் கூடி இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டி, அந்த ஃபத்வாவை, அதாவது மார்க்கத் தீர்ப்பை, வைத்து யாரையும் கொல்ல முடியாது என்று அறிக்கை விட்டார்கள். பிழை திருத்தப்பட்டதால் யாரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டதாகத் தெரியவில்லை. வேண்டிய வரியைத் தேடி எடுப்பவருக்கு எந்தப் பதிப்பும் போதும்.

‘பக்கத்து எதிரி, தூரத்து எதிரி’ என்பது என்ன?

மேலே சொன்ன ஃபரஜ் ஒரு மின் பொறியாளர். இஸ்ரேலோடு மோதுவதற்கு முன் நம்மை ஆளும் ‘முஸ்லிம்’ ஆட்சியாளரை அகற்ற வேண்டும் என்றார், அதாவது பக்கத்து எதிரி முதலில். அவருடைய குழுதான் 1981 அக்டோபர் 6 அணிவகுப்பில் எகிப்து ஜனாதிபதி அன்வர் ஸாதாத்தைக் கொன்றது. புரட்சி ஒன்றும் வரவில்லை. ஃபரஜ் அடுத்த ஆண்டு தூக்கில் தொங்கினார்.

1990களில் எகிப்திலும் அல்ஜீரியாவிலும் பக்கத்து எதிரியோடு மோதியவர்கள் எல்லோரும் தோற்றார்கள். அங்கிருந்துதான் பின் லாடனின் கணக்கு பிறந்தது: இந்த ஆட்சிகளைத் தாங்கி நிற்பது அமெரிக்கா, அடித்தால் அங்கே அடி. அமெரிக்கர்களைத் தாக்கச் சொன்ன 1998 பிப்ரவரி அறிக்கை, அதே ஆகஸ்டில் நைரோபி, தாருஸ்ஸலாம் அமெரிக்கத் தூதரகங்களில் 224 சாவு, 2001 செப்டம்பர் 11. தூதரகத் தாக்குதல்களில் செத்தவர்களில் நைரோபித் தெருவில் போய்க்கொண்டிருந்த ஆப்பிரிக்கர்களே மிக அதிகம், தூதரக அமெரிக்கர்கள் ஒரு டஜன்.

அல்-காய்தாவிலிருந்து வந்ததுதானே ஐஎஸ்? அப்புறம் ஏன் அடித்துக்கொண்டார்கள்?

வந்தது உண்மை, ஆனால் தொடக்கம் முதலே ஒட்டாத உறவு. ஜோர்டான்காரர் ஸர்காவி 2004இல் பின் லாடனுக்கு பைஅத், அதாவது விசுவாசப் பிரமாணம், செய்தார். ஈராக்கில் அவர் முதல் எதிரியாக வைத்தது அமெரிக்கப் படையை அல்ல, ஷியாக்களை. சந்தையில், பள்ளிவாசலில் குண்டு. 2005இல் பின் லாடனின் துணைத் தலைவர் ஜவாஹிரி அவருக்கு எழுதியதாக அமெரிக்கா வெளியிட்ட கடிதத்தில், சாதாரண முஸ்லிம்கள் இதை ஏற்க மாட்டார்கள், கழுத்தறுக்கும் காட்சிகளும் வேண்டாம் என்று இருந்தது. ஸர்காவிக்குச் சிறையில் பாடம் சொன்ன மக்திஸியே பகிரங்கமாகக் கண்டித்தார். ஸர்காவி கேட்கவில்லை. 2005 நவம்பரில் அம்மானில் ஒரு ஓட்டல் கல்யாண வீட்டில் குண்டு வெடித்தபோது அவருடைய சொந்த நாடே அவருக்கு எதிராகத் தெருவுக்கு வந்தது.

2013 ஏப்ரலில், ஸர்காவியின் வாரிசான பக்தாதி, சிரியாவில் போரிட்டுக்கொண்டிருந்த நுஸ்ரா முன்னணியும் தன் கிளைதான் என்று அறிவித்தார். நுஸ்ராவின் தலைவர் ஜூலானி மறுத்து, பின் லாடனுக்குப் பிறகு அல்-காய்தாவின் தலைவராகியிருந்த ஜவாஹிரிக்கு நேராக பைஅத் செய்தார். ஜவாஹிரி ‘நீ ஈராக்கில் இரு, அவர் சிரியாவில் இருக்கட்டும்’ என்று பஞ்சாயத்துச் செய்தார். பக்தாதி பஞ்சாயத்தை ஏற்கவில்லை. 2014 பிப்ரவரியில் அல்-காய்தா அவரைக் கைகழுவியது, ஜூன் 29இல் அவர் தன்னையே கலீஃபா என்று அறிவிக்க வைத்தார். கிலாஃபத், அதாவது கலீஃபாவின் ஆட்சி, வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மக்கள் ஆதரவைத் திரட்டி, ஆலோசித்து, காலம் கனிந்தபின் என்பது அல்-காய்தா. நிலம் கையில் இருக்கிறது, இப்போதே, இணங்காத முஸ்லிம் பாவி என்பது ஐஎஸ். அந்தச் செப்டம்பரில் உலகெங்கும் 120க்கும் மேற்பட்ட ஆலிம்கள் கையெழுத்திட்டு பக்தாதிக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர் பயன்படுத்திய ஆதாரங்களையே எடுத்து ஒவ்வொன்றாக மறுத்திருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ஐஎஸ்ஸுக்குள்ளும் தக்ஃபீர் நுழைந்தது. காஃபிரைக் காஃபிர் என்று சொல்லத் தயங்குபவனும் காஃபிர், அவனைச் சொல்லத் தயங்குபவனும் காஃபிர் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. இந்தச் சங்கிலி எங்கே நிற்கும்? கலீஃபாவின் கழுத்தில் வந்து நிற்கும். ஐஎஸ் அவர்களில் சிலரைக் கொன்றது. 2017இல் ஒருமுறை அவர்கள் பக்கம் சாய்ந்து சுற்றறிக்கை விட்டு, சில மாதத்தில் வாபஸ் வாங்கியது. அந்த நேரத்தில் மோசுல் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. 2019 மார்ச்சில் சிரியாவில் கடைசியாக எஞ்சியிருந்த பாகூஸ் விழுந்ததோடு நிலமும் முடிந்தது.

தாலிபான், ஐஎஸ் இரண்டும் சுன்னிதானே?

இரண்டும் சுன்னிதான். தாலிபான் ஹனஃபி மத்ஹபு (சட்டப் பள்ளி), உத்தரப் பிரதேசத்து தேவ்பந்த் மத்ரஸாவின் மரபு, ஆப்கான் எல்லைக்குள் ஆட்சி. ஐஎஸ்ஸின் ஆப்கான் கிளையான கொராசான், மத்ஹபுகளைத் தாண்டி முதல் தலைமுறையினர் வழிக்கே திரும்பச் சொல்லும் ஸலஃபிப் போக்கு, எல்லைகளை ஏற்காது. தேச எல்லையை ஏற்று, அமெரிக்காவோடு 2020இல் தோஹாவில் கையெழுத்துப் போட்ட தாலிபான் அதன் கண்ணில் மார்க்கத்தை விட்டவர்கள். 2021 ஆகஸ்ட் 26 காபூல் விமான நிலையத் தாக்குதலில் 13 அமெரிக்க வீரர்களோடு சுமார் 170 ஆப்கானியர்களும் செத்தார்கள். அங்கே காவலுக்கு நின்றது தாலிபான்.

அப்படியானால் தேவ்பந்த்தான் தாலிபானின் தாய்வீடா? நம்ம டெல்லிக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது?

சுமார் 150 கிலோமீட்டர். 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் டெல்லி வந்து தேவ்பந்த்தும் போனார், அதிலிருந்து இந்தக் கேள்வி வாராவாரம் வருகிறது. (அவருடைய முதல் பத்திரிகையாளர் சந்திப்பில் பெண் நிருபர்களைக் காணோம் என்று கூச்சல் எழுந்து, இரண்டு நாளில் அவர்களையும் அழைத்து இன்னொன்று வைத்தார்கள். டெல்லியில் வேலை செய்யும் பெண் என்ற முறையில் அதை ஒரு வரி எழுதாமல் இருக்க முடியவில்லை.)

தேவ்பந்த்தின் தாருல் உலூம் 1866இல் தொடங்கிய மத்ரஸா. அங்கே படித்து, கற்பித்த ஒருவர் பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் அகோரா கட்டக்கில் ஹக்கானியா மத்ரஸாவை வைத்தார். தாலிபான் தலைகள் பலர் அங்கே படித்தவர்கள். பாடத்திட்டம் ஒன்றுதான். ஆனால் இங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் காங்கிரஸோடு நின்று பிரிவினையை எதிர்த்தவர்கள். 2008 மே 31 அன்று ராம்லீலா மைதானத்தில் கூட்டம் போட்டு பயங்கரவாதத்துக்கு எதிராக ஃபத்வா வாசித்தார்கள். ஒரே பாடப் புத்தகத்தை வைத்து இரண்டு நாட்டில் இரண்டு அரசியல் நடந்தது. எனவே பாடத்திட்டத்தை மட்டும் பார்த்து ஒருவர் என்ன ஆவார் என்று சொல்ல முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் போர் இருந்தது, அகதி முகாம் இருந்தது, ஆயுதமும் பணமும் கொடுக்க அரசுகள் இருந்தன.

காஷ்மீரில் லஷ்கர், ஜெய்ஷ், ஹிஸ்புல்: மூன்றுக்கும் ஒரே முதலாளிதானே?

முதலாளி பாகிஸ்தான் என்பது இந்திய அரசின் நிலைப்பாடு, உங்களுக்கே தெரியும். வேர்கள் வேறுவேறு. ஹிஸ்புல் முஜாஹிதீன் 1989இல் ஜமாஅத்தே இஸ்லாமி வழியில் வந்தது, தனிநாடு கேட்ட ஜேகேஎல்எஃப்போடும் (ஜம்மு காஷ்மீர் விடுதலை முன்னணி) மோதியது. லஷ்கர், மத்ஹபுகளை ஏற்காத அஹ்லே ஹதீஸ் மரபு. 2000 டிசம்பர் 22 செங்கோட்டைத் தாக்குதலும் 2008 மும்பையும் அதன் கணக்கில் வருகின்றன. ஜெய்ஷ் தேவ்பந்த் மரபு, 1999 டிசம்பர் காந்தஹார் விமானக் கடத்தலில் விடுவிக்கப்பட்ட மசூத் அஸ்ஹர் 2000இல் தொடங்கியது.

இந்த வேர் வித்தியாசம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. முஸ்லிம் ஆட்சியாளருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்யக்கூடாது, அவரை தக்ஃபீர் செய்யக்கூடாது என்று லஷ்கர் எழுதியும் பேசியும் வந்தது. பாகிஸ்தான் ராணுவத்தை அது தொடவில்லை. ஜெய்ஷிலிருந்து சிலர் 2001க்குப் பிறகு பாகிஸ்தான் அரசின் மேலேயே பாய்ந்தார்கள். 2007இல் உருவான பாகிஸ்தான் தாலிபானும் அப்படித்தான். 2014 டிசம்பரில் பெஷாவர் ராணுவப் பள்ளியில் 130க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொன்றது அவர்கள்.

2017இல் ஹிஸ்புல் தளபதி ஜாகிர் மூசா, பிரிவினை கேட்கும் ஹுரியத் கூட்டணித் தலைவர்கள் காஷ்மீரை அரசியல் பிரச்சினை என்று சொன்னால் தலையை வெட்டுவேன் என்றார். ஹிஸ்புல் அவரைக் கைவிட்டது, அவர் அல்-காய்தா சார்பான தனிக்குழு ஆனார். நிலத்துக்கான போரா, மார்க்கத்துக்கான போரா என்ற பழைய கேள்விதான் அங்கேயும் உடைத்தது.

சிமி?

இந்திய இஸ்லாமிய மாணவர் இயக்கம். 1977, அலிகர். முதலில் ஜமாஅத்தே இஸ்லாமி ஹிந்தோடு ஒட்டியிருந்த மாணவர் அமைப்பு. 1981இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் யாசர் அராஃபத் டெல்லி வந்தபோது சிமி பையன்கள் கறுப்புக்கொடி காட்டினார்கள், பெரியவர்களோ அராஃபத்தைக் கொண்டாடினார்கள். உறவு முறிந்தது. ஜமாஅத் தனக்கென வேறொரு மாணவர் அமைப்பை வைத்துக்கொண்டது. சிமி 2001இல் தடைசெய்யப்பட்டது. அங்கிருந்து வந்த சிலர் இந்தியன் முஜாஹிதீன் ஆனார்கள். நீங்கள் பழைய போன் வாங்கப் போகிறீர்களே கரோல் பாக் கஃபார் மார்க்கெட், 2008 செப்டம்பர் 13 சனிக்கிழமை மாலை அவர்கள் வைத்த குண்டுகளில் ஒன்று அங்கேதான் வெடித்தது.

ஹமாஸையும் ஹிஸ்புல்லாவையும் எங்கே வைப்பது?

தனிப் பெட்டியில். ஹமாஸ் 1987இல் சகோதரத்துவ அமைப்பின் பாலஸ்தீனக் கிளையிலிருந்து வந்தது, அதன் போர் ஒரு நிலத்துக்கானது. 2006இல் தேர்தலில் நின்றதற்காக அல்-காய்தா அதைத் திட்டியது. 2009 ஆகஸ்டில் ரஃபாவில் ஒரு பள்ளிவாசலில் ஒரு குழு ‘இஸ்லாமிய அமீரகம்’ அறிவித்தபோது ஹமாஸே சுட்டு முடித்தது. இதனால் ஹமாஸ் சாது என்று ஆகிவிடாது, பொதுமக்களைக் கொன்ற அமைப்புதான். லெபனானின் ஹிஸ்புல்லா ஷியா, ஈரானின் மார்க்கத் தலைமைக்குக் கட்டுப்பட்டது, சிரியாவில் நுஸ்ராவோடும் ஐஎஸ்ஸோடும் போரிட்டது.

நம்ம ஊர் தவ்ஹீத் ஜமாஅத்? இலங்கையில் குண்டு வைத்தவர்களும் அதே பெயர்தானே?

தவ்ஹீத் என்றால் இறைவன் ஒருவனே என்ற கொள்கை, எந்த முஸ்லிமும் ஏற்பது. தமிழ்நாட்டில் அந்தப் பெயருள்ளவர்கள் தர்கா, கந்தூரி, தாயத்து எல்லாம் கூடாது என்பவர்கள். சுன்னத் ஜமாஅத்தார் நாகூருக்குப் போவார்கள். இந்தச் சச்சரவு கல்யாண வீட்டிலும் கபர்ஸ்தானிலும் நடக்கிறது, மேடையில் விவாதமாக நடக்கிறது. துப்பாக்கியாக ஆகவில்லை.

இலங்கையில் குண்டு வைத்த கூட்டத்தின் தலைவன் காத்தான்குடி ஸஹ்ரான் தமிழில்தான் பிரசங்கம் செய்தான். அவன் முதல் எதிரி அந்த ஊர் சூஃபிகள். 2017 மார்ச்சில் அவர்களோடு கைகலப்பு நடந்து தலைமறைவானான். அவன் தொடங்கிய தேசிய தவ்ஹீத் ஜமாஅத்தே அவனை விலக்கியது. அவனைப் பற்றி முஸ்லிம்களே அரசிடம் முன்கூட்டிப் புகார் கொடுத்திருந்தார்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறு, மூன்று தேவாலயங்கள், மூன்று ஓட்டல்கள், 250க்கும் மேற்பட்ட உயிர்கள். தமிழில் பேசியதால் சென்னையிலும் டெல்லியிலும் இருந்த தமிழ் முஸ்லிம்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மேலப்பாளையத்துப் பையன் ஒருவன் அந்த மே மாதம் இங்கே அறை தேடினான். முன்பணம் வரை பேசி முடித்த வீட்டுக்காரர், பெயரைக் கேட்டதும் ‘அறை போயிற்று’ என்றாராம். கோபம் இல்லாமல்தான் சொன்னான். தான் ஷாஃபியா ஹனஃபியா, தர்காவுக்குப் போகிறவனா இல்லையா என்பதை அந்த வீட்டுக்காரருக்கு எப்படி விளக்குவது என்று மட்டும் கேட்டான்.

கோயம்புத்தூர் 1998?

பிப்ரவரி 14 தொடர் குண்டுவெடிப்பு, 58 சாவு, வைத்தது அல் உம்மா என்ற உள்ளூர் அமைப்பு. அதற்குள் குத்பையும் இப்னு தைமிய்யாவையும் தேடாதீர்கள். 1997 நவம்பரில் ஒரு போலீஸ்காரர் கொலை, அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் சாவு, அதற்குப் பழி. உள்ளூர்ப் பகை. எல்லாக் குண்டுக்கும் பின்னால் பெரிய தத்துவம் இருக்கும் என்று நம்புவது நம்மைப்போலப் புத்தகம் படிப்பவர்களின் வியாதி.

தப்லீக்காரர்களும் இதில் வருவார்களா?

வர மாட்டார்கள். ஒரு வியாழன் மாலை நிஜாமுதீன் வாருங்கள், கூட்டிப் போகிறேன். தெருமுனையில் தப்லீக் மர்கஸ், 1920களில் மேவாத் மக்களிடையே மௌலானா இல்யாஸ் தொடங்கிய இயக்கத்தின் தலைமையிடம். தோளில் படுக்கைச் சுருட்டோடு காயல்பட்டினத்துப் பெரியவர்கள்கூட நிற்பார்கள், தமிழ் காதில் விழும். சில நிமிட நடையில் நிஜாமுதீன் அவுலியாவின் தர்கா, ரோஜா இதழும் அகர்பத்தியும் கவ்வாலியும். மர்கஸ்காரர் பலர் தர்கா பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார்கள். தர்காக்காரர்கள் அவர்களைக் கண்டுகொள்ள மாட்டார்கள். நடுவில் ஒரே கடையில் இருவரும் டீ குடிப்பார்கள். அரசியலே பேசாதே, தொழு, அடுத்தவரையும் தொழக் கூப்பிடு என்பது தப்லீக். ஆயுதக்காரர்கள் அவர்களை இதற்காகவே கேலி செய்வார்கள். 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே மாட்டிக்கொண்டவர்களை ‘சதிகாரர்கள்’ என்று எழுதியது எவ்வளவு அபத்தம் என்று அந்தத் தெருவில் அரை மணி நேரம் நின்றாலே தெரியும்.

ஆயுதத்தைக் கீழே வைத்த அமைப்பு ஏதாவது உண்டா?

எகிப்தின் ஜமாஆ இஸ்லாமிய்யா. 1997 ஜூலையில் அதன் சிறைத் தலைவர்கள் போர்நிறுத்தம் அறிவித்தார்கள். அதைக் கேட்காத ஒரு பிரிவு நவம்பரில் லக்ஸர் நகரின் ஹட்ஷெப்சுட் கோயிலில் 62 பேரைக் கொன்றது. அதற்குப் பிறகு மக்கள் முகத்தில் விழிக்க முடியவில்லை. தலைவர்கள் சிறையிலிருந்தே, தாங்கள் மார்க்கத்தைப் புரிந்துகொண்டது எங்கே பிழைத்தது என்று வரிசையாக நூல்கள் எழுதினார்கள். சித்திரவதை பயத்தில் எழுதினார்கள் என்பவர்களும் உண்டு, இருந்தாலும் வெளியே வந்தபின் பெரும்பாலோர் பழையபடி குண்டுக்குத் திரும்பவில்லை. நைஜீரியாவில் கதை வேறு மாதிரி முடிந்தது. முஸ்லிம் பொதுமக்களையே கொல்கிறார் என்று தன் கிளையாகியிருந்த போகோ ஹராமின் தலைவர் ஷெகாவை 2016இல் ஐஎஸ் ஒதுக்கியது. 2021 மே மாதம் பிரிந்த கோஷ்டி சுற்றி வளைத்தபோது அவர் தன்மேலேயே குண்டை வெடித்துக்கொண்டார்.

அக்கா, பலகையில் வரைந்த அந்த அம்புக்குறிப் படத்தை போட்டோ எடுத்து அனுப்புவீர்களா?

அனுப்பாததற்குக் காரணம் இருக்கிறது. கீழ் வலது மூலையில் ‘நுஸ்ரா’ என்று ஒரு பெட்டி. 2016 ஜூலையில் அல்-காய்தாவிலிருந்து விலகுகிறோம் என்றபோது அம்பை அழித்தேன். 2017 ஜனவரியில் ‘ஹயாத் தஹ்ரீர் அல்-ஷாம்’ என்று பெயரை மாற்றினேன். 2024 டிசம்பர் 8இல் அவர்கள் டமாஸ்கஸுக்குள் நுழைந்தார்கள், சிரிய ஜனாதிபதி அஸத் ஓடிப்போனார். அடுத்த மாதம் அமைப்பையே கலைத்துவிட்டோம் என்றார்கள். ஜூலானி என்ற பெயரை விட்டுவிட்டு அஹ்மத் அல்-ஷரா கோட்டு டை போட்டு ஜனாதிபதி ஆனார். அல்-காய்தா ஆதரவாளர்கள் அவரைத் துரோகி என்கிறார்கள், ஐஎஸ் காஃபிர் என்கிறது, மேற்கத்திய நாடுகள் கைகுலுக்குகின்றன. பெட்டிக்குள் இருந்த பெயரைத் துடைத்துவிட்டேன். என்ன எழுதுவது என்று உங்களில் யாருக்காவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமை மார்க்கரோடு வாருங்கள், இருக்கிற ஒன்று காய்ந்துவிட்டது.